நிலக்கரிக்கு மேலே ஓடும் நீர்

கிணற்றில் நீர் குறைந்திருக்கிறது என்பதை முதலில் அறிபவர் நீர் அள்ளுபவரே. நேற்று எட்டிய கயிறு இன்று ஒரு முழம் எட்டாமற் போனால், நீர் இறங்கிவிட்டது என்று அவர் சொல்லிவிடுவார். ஆனால், ஏன் இறங்கிற்று என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதிற் கிடைப்பதில்லை. மழை பொய்த்ததனாலா? அயற்காணியில் இயந்திரம் வைத்து இறைத்ததனாலா? அல்லது நிலத்தின் அடியிலே யாரும் காணாத ஏதோ ஒரு மாற்றம் நிகழ்ந்துவிட்டதா? கண்ணுக்குத் தெரிவது குறைவு மாத்திரமே. காரணமோ மண்ணுக்குள் மறைந்து கிடக்கிறது.

இதே வினா ஒரு பெருநகரத்தின் குடிநீரைப்பற்றி எழுந்தால் என்ன செய்வது? ஒரு பக்கத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களின் தாகம்; மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும் நிலக்கரித் தொழில். நீர் குறைந்தது சுரங்கத்தாலா, வறட்சியாலா என்று தீர்ப்புச் சொல்லவேண்டிய நிலை அவுஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குத் தெற்கே உள்ள மேட்டுநிலத்தில் பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அங்கே ஆறுகளையும் ஊற்றுகளையும் சதுப்புகளையும் எவ்வாறு அளக்கிறார்கள், அந்த அளவைகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டத் தவறுகின்றன என்பன நீரை நம்பி வாழும் எவரும் அறிந்துகொள்ளத் தக்கவை.

முதலில் இடத்தை மனக்கண்முன் கொண்டுவருவோம். சிட்னிக்குத் தெற்கே கடற்கரையோரமாக வொலொங்கொங் என்னும் தொழில் நகர் இருக்கிறது. அந்நகரின் பின்புறத்திலே இல்லவாரா மலைச்சரிவு ஒரு மதில்போலச் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. அதன்மீது ஏறினால், மணற்கல்லால் ஆகிய பரந்த மேட்டுநிலம் தோன்றும். கடல் இத்தனை அருகில் இருந்தும், அங்கே பிறக்கும் ஆறுகள் கிழக்கே கடலை நோக்கி ஓடுவதில்லை. கடலுக்கு முதுகு காட்டி, ஆழமான பள்ளத்தாக்குகள் வழியே உள்நாட்டை நோக்கி ஓடுகின்றன. இந்த ஆறுகளை மறித்து அணைகள் கட்டப்பட்டன. கற்றரக்ட் அணை 1907ஆம் ஆண்டிலும், கோர்டோ அணை 1926இலும், ஏவன் அணை 1927இலும், நெப்பியன் அணை 1935இலும் நிறைவெய்தின. சற்று வடக்கே வொரனோரா ஆற்றின் அணை 1941இல் நிறைவெய்தியது. சிட்னியின் குடிநீரிற் பெரும்பங்கை 1960இல் நிறைவுற்ற வொரகம்பா அணை தருகின்றது. எனினும், வொலொங்கொங் பகுதிக்கு ஏவன் நீரும், சிட்னியின் தென்புறத்திலுள்ள சதர்லாந்துப் பகுதிக்கு வொரனோரா நீருமே இன்றியமையாதன. இந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காட்டிற் பொதுமக்கள் அநுமதியின்றி நுழையக்கூடாது. நீர் மாசுபடக்கூடாது என்பதற்காக அத்துணைக் காவல்.

ஆனால், காவல் நிலத்தின் மேலேதான். நிலத்தின் அடியில் இருப்பது நிலக்கரி. அது அங்கே இருப்பது வெள்ளையருக்குத் தெரியவந்த கதையும் சுவையானது. கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கு ஏற்றிச் சென்ற 'சிட்னி கோவ்' என்னும் கப்பல் 1797ஆம் ஆண்டில் தெற்குக் கடலில் உடைந்தது. உயிர் தப்பியோரிற் சிலர் கடற்கரையோரமாகச் சிட்னியை நோக்கி நடந்தபொழுது, கடலோரப் பாறையிலே கரிய படையொன்றைக் கண்டனர். அவ்வாண்டிலேயே ஜோர்ஜ் பாஸ் என்னும் கடலோடி அங்கு சென்று அதனை நிலக்கரியென உறுதி செய்தார். பின்னர் மலைச்சரிவின் நெடுகச் சுரங்கங்கள் தோன்றின. அந்நிலக்கரி உருக்குத் தொழிலுக்கு வேண்டிய கற்கரியாக மாற்றத்தக்க உயர்ந்த வகையைச் சேர்ந்தது. வொலொங்கொங்கை அடுத்த போர்ட் கெம்பிளாவில் 1928ஆம் ஆண்டு முதல் உருக்காலை இயங்கி வருவதற்கும் அதுவே காரணம். ஆகவே, ஒரே மேட்டுநிலத்தின் மேலே நகரத்தின் நீர். அடியிலே நகரத்தின் உருக்கு. இரண்டுக்கும் இடையில் இருப்பது சில நூறு மீற்றர் தடிப்புள்ள பாறை மாத்திரமே.

பழைய சுரங்கங்களில் நிலக்கரியை முழுவதும் வெட்டி எடுப்பதில்லை. இடையிடையே நிலக்கரித் தூண்களை விட்டுவைத்து, அத்தூண்கள் மேலுள்ள பாறையைத் தாங்கும்படி செய்வர். இம்முறையிற் பெருமளவு நிலக்கரி உள்ளேயே தங்கிவிடும். ஆனால் மேல்நிலம் பெரும்பாலும் அசையாது. பிற்காலத்தில் வழக்குக்கு வந்தது நீள்சுவர் முறை எனப்படும். நூறு, இருநூறு, சில இடங்களில் முந்நூறு மீற்றர் அகலமும் சில கிலோமீற்றர் நீளமும் உள்ள ஒரு நிலக்கரிப் பாளத்தை வகுத்துக்கொள்வர். அதன் ஒரு முனையில் நிற்கும் வெட்டுபொறி, மரத்தை இழைக்கும் தச்சனின் சீவுளிபோல, இப்பக்கத்திலிருந்து அப்பக்கம் வரை நிலக்கரியைச் சீவிக்கொண்டே முன்னேறும். வெட்டுபவர்களின் தலைக்குமேலே பாறை விழாதபடி உருக்குத் தாங்கிகள் வரிசையாக நிற்கும். பொறி முன்னேற முன்னேறத் தாங்கிகளும் முன்னேறும். அவை விட்டுச் சென்ற வெற்றிடத்திலே கூரை இடிந்து விழும். அப்படி இடிந்து விழவேண்டும் என்பதே அம்முறையின் ஏற்பாடாகும்.

கூரை இடிந்தால், அதற்கு மேலுள்ள பாறை என்னாகும்? நிலக்கரிக்கு நேர் மேலே உள்ள பகுதி துண்டு துண்டாக உடைந்து குவிகிறது. அதற்கு மேலே உள்ள பகுதி உடைந்து விழாவிட்டாலும், நெடுக்காகவும் கிடையாகவும் வெடிப்புக் காண்கிறது. இன்னும் மேலே உள்ள பகுதி ஒரு பலகை வளைவதுபோலத் தாழ்ந்து வளைகிறது. இறுதியில் நிலத்தின் மேற்பரப்பே தாழ்கிறது. அகலமான பாளங்களின்மேல் இத்தாழ்வு ஒரு மீற்றருக்கும் அதிகமாக இருப்பதுண்டு. காட்டில் நிற்கும் ஒருவருக்கு இது தெரியாது. மரங்களும் நிலமும் ஒன்றாகவே இறங்குவதால் எல்லாம் முன்போலவே தோன்றும். ஆனால், வெடிப்புக் கண்ட பாறைக்கும் வளைந்த பாறைக்கும் இடையிலுள்ள எல்லை எங்கே இருக்கிறது என்பதிலேதான் நீரின் கதி தங்கியிருக்கிறது. வெடிப்புகள் கீழிருந்து மேல்வரை தொடர்ந்துவிட்டால், மேலே ஓடும் நீருக்குச் சுரங்கம் வரை ஒரு வழி திறந்துவிடும். இடையிலே வெடிப்பில்லாத பாறை எஞ்சியிருந்தால், அது ஒரு மூடிபோல நின்று நீரைக் காக்கும்.

பள்ளத்தாக்கிலே மற்றொரு விளைவும் உண்டு. பூமியின் பாறைகள் பக்கவாட்டிலும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டிருக்கின்றன. அடியிலே சுரங்கம் வெட்டப்பட்டதும் பள்ளத்தாக்கின் இரு பக்கச் சுவர்களும் ஒன்றை நோக்கி ஒன்று சிறிது நகர்கின்றன. விரித்த பாயின் இரு ஓரங்களையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் நடுப்பகுதி மேலே எழும்புமல்லவா? அவ்வாறே ஆற்றின் அடித்தளப் பாறை நெருக்குண்டு, எழும்பி, பிளந்துவிடுகிறது. நிலம் முழுவதும் தாழும்பொழுது ஆற்றின் படுகை மாத்திரம் அவ்வளவு தாழாமல், ஒப்பளவில் உயர்ந்து வெடிப்பது இதனாலேயே. அப்பொழுது, காலங்காலமாகப் பாறைத் தொட்டிகளில் தேங்கி நின்ற நீர் வெடிப்புகள் வழியே உள்ளிறங்குகிறது. மேலே காய்ந்த படுகை. அதன் அடியிலே கண்ணுக்குத் தெரியாத ஓட்டம்.

இவை வெறும் ஏட்டுக் கணிப்புகள் அல்ல. 1990களில் கற்றரக்ட் ஆற்றின் கீழ்ப்பகுதியில், அடியிலே நீள்சுவர் முறைப்படி நிலக்கரி எடுக்கப்பட்டபின், படுகை பிளந்து நீரோட்டம் மறைந்தது. எஞ்சிய நீரிலே மெதேன் வாயு குமிழிகளாக எழுந்தது. அடுத்த பத்தாண்டிலே வொரனோரா நீர்த்தேக்கத்துக்கு நீர் கொண்டுவரும் வராட்டா ஓடையில் அதே காட்சி தோன்றிற்று. ஹெலன்ஸ்பர்க் என்னும் ஊரிலுள்ள சுரங்கத்தின் பாளங்கள் அவ்வோடையின் அடியிற் சென்றபின், படுகைப் பாறைகள் வெடித்தன. நிறைந்து நின்ற தொட்டிகள் வற்றின. கீழே மீண்டும் வெளிப்பட்ட நீர் செம்மஞ்சள் நிறக் கசடு படிந்ததாய் இருந்தது.

அந்நிறம் எங்கிருந்து வந்தது? மணற்கல்லின் உள்ளே இரும்பும் மங்கனீசும் கலந்த கனிப்பொருள்கள் உண்டு. பாறை வெடிக்கும்பொழுது இதுவரை நீரும் வளியும் படாத புதிய முகங்கள் திறக்கின்றன. உள்ளிறங்கிய நீர் அவற்றைக் கரைத்துக்கொண்டு செல்கிறது. மீண்டும் வெளியே வந்து ஒட்சிசனோடு சேர்ந்ததும், கரைந்த இரும்பு துருவாகிப் படிகிறது. நுண்ணுயிர்களும் இவ்வேலையை விரைவுபடுத்துகின்றன. பாறையின்மேற் படியும் அக்கசடு சிறு நீர்வாழ் உயிர்களின் உறைவிடத்தை மூடிவிடுகிறது. நீரிலுள்ள ஒட்சிசனையும் குறைக்கிறது. ஆகவே, நீரின் நிறமே பாறைக்குள் நிகழ்ந்ததைப்பற்றிய முதற் செய்தியாகும்.

இவ்விடத்திலேதான் வழக்கு ஆரம்பமாகிறது. மேலே மறைந்த நீர் கீழே வெளிப்படுகிறதே, ஆகவே ஒன்றும் இழக்கப்படவில்லை, பாதை மாத்திரமே மாறியிருக்கிறது என்பது ஒரு சாரார் கூற்று. மறைந்த நீர் முழுவதும் வெளிப்படுகிறது என்பதற்கு என்ன உறுதி, ஒரு பங்கு சுரங்கத்துக்குள்ளோ வேறு பள்ளத்தாக்குக்கோ போயிருக்கலாமே என்பது மற்றொரு சாரார் வினா. இதற்கிடையே வானமும் தன் பங்குக்குக் குழப்பம் விளைவித்தது. அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியை 1997 முதல் 2009 வரை நீண்டதொரு வறட்சி வாட்டியது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலே சிட்னியின் நீர்த்தேக்கங்கள் அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே நிறைந்திருந்தன. அத்தகைய காலத்தில் ஓடை வற்றினால், குற்றவாளி மேகமா சுரங்கமா என்று வெறுங்கண்ணால் எவர் சொல்ல முடியும்?

சொல்லக்கூடியது அளவை ஒன்றே. ஆனால், எந்த அளவையும் சாட்சியாகிவிடாது. நோயாளியின் உடற்சூட்டை இன்று மாத்திரம் அளந்தால் இன்றைய நிலை தெரியும். அவருடைய இயல்பான சூடு தெரிந்திருந்தாலன்றோ எவ்வளவு கூடிற்று என்று சொல்லலாம்? ஓடைக்கும் அவ்வாறே. சுரங்கப் பாளம் அணுகுவதற்கு முன்பே, மழைக்காலத்திலும் கோடையிலும், நல்ல ஆண்டிலும் தீய ஆண்டிலும், அந்த ஓடை எவ்வாறு ஓடியது என்பது பதியப்பட்டிருக்கவேண்டும். இது முதல் விதி. இரண்டாவது விதியும் உண்டு. அடியிலே சுரங்கம் இல்லாத, ஆனால் அதே வகை நிலத்தில் அதே மழையைப் பெறுகின்ற வேறோர் ஓடையையும் அதே காலத்தில் அளக்கவேண்டும். வறட்சி வந்தால் இரண்டும் சேர்ந்து குறையும். சுரங்கத்தின்மேல் உள்ள ஓடை மாத்திரம் தன் துணையோடையைவிட அதிகமாகக் குறைந்தால், அந்தக் குறைவு மேகத்தின் குற்றமன்று. முன்னும் பின்னும் என்ற ஒப்பீடும், இங்கும் அங்கும் என்ற ஒப்பீடும் ஒருங்கே கிடைத்தாலன்றி உண்மை வெளிப்படாது.

ஓடையை அளக்கும் கருவி எளிமையானது. ஓடையின் குறுக்கே ஒரு சிறு தடுப்பு அமைத்து, அதன் நடுவிலே தலைகீழான முக்கோண வடிவில் ஒரு வெட்டு விடுவர். நீர் அவ்வெட்டின் வழியே வழியும். வெட்டின் முனையிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு உயரம் என்பதை ஒரு கருவி இடைவிடாது குறித்துக்கொள்ளும். உயரம் தெரிந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். செங்கோண வெட்டில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீர் வழிந்தால், செக்கனுக்கு ஏறத்தாழ 4.4 இலீற்றர் ஓடுகிறது என்று பொருள். உயரம் 9 சென்ரிமீற்றராகக் குறைந்தால் ஓட்டம் ஏறத்தாழ 3.4 இலீற்றராகிவிடும். ஒரு விரலகலமும் இல்லாத வேறுபாடு, ஓட்டத்தின் நான்கிலொரு பங்கை விழுங்கிவிடுகிறது! செக்கனுக்கு ஓர் இலீற்றர் என்பது சிறிதாகத் தோன்றலாம்; ஒரு நாளைக்கு அது 86,400 இலீற்றராகும். ஆகவே, தடுப்பிலே சிக்கிய ஓர் இலைக்கட்டோ, தடுப்பின் ஓரத்தால் ஒழுகும் சிறு கசிவோ, அளவையைப் பெரிதும் பிழைபடுத்திவிடும். மாதத்துக்கு ஒருமுறை சென்று பார்த்துவரும் அளவையிலும், இடைவிடாது குறிக்கும் அளவையே நம்பத்தக்கது என்று வல்லுநர் வற்புறுத்துவது இதனாலேயே.

தடுப்பு எங்கே அமைக்கப்படுகிறது என்பதும் முக்கியமானது. வெடிப்பு உள்ள இடத்துக்குச் சற்று மேலேயும், நெடுந்தூரம் கீழேயும், ஓடை நீர்த்தேக்கத்தை அடையும் வாயிலிலும் அளவை வேண்டும். மேலே மறைந்த நீர் கீழே திரும்புகிறதா என்ற வழக்கைத் தீர்க்கக்கூடியது இந்தக் கடைசி அளவைதான். அங்கே அளவை இல்லாவிட்டால் இரு சாராரும் தத்தம் கூற்றை ஆண்டுக்கணக்கிற் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

நிலத்தின் அடியிலுள்ள நீரை அளக்க வேறு வழி கையாளப்படுகிறது. மேற்பரப்பிலிருந்து நிலக்கரிப் படை வரை ஆழ்துளைகள் இடுவர். ஒரே துளையிற் பல ஆழங்களில் அமுக்கமானிகளைப் பதித்துச் சீமெந்தால் மூடிவிடுவர். ஒவ்வொரு கருவியும் தான் இருக்கும் ஆழத்திலுள்ள பாறையின் நீரமுக்கத்தை அறிவிக்கும். பாளம் வெட்டப்பட்டுச் செல்லும்பொழுது கீழேயுள்ள கருவிகளில் அமுக்கம் சடுதியாக வீழ்வது எதிர்பார்க்கத் தக்கதே. எந்த ஆழத்திலுள்ள கருவி வரை அந்த வீழ்ச்சி ஏறிவருகிறது என்பதே கவனிக்கவேண்டியது. வெடிப்பு எவ்வளவு உயரம் எழுந்திருக்கிறது என்பதற்கு அதுவே தடயம். வெடிப்பின் உயரத்தை முன்கூட்டிக் கணிப்பதற்குச் சூத்திரங்கள் உண்டு. ஆனால் அவை ஒன்றோடொன்று ஒத்துவருவதில்லை. ஒரு சூத்திரம் மேலே தடித்த மூடி எஞ்சியிருக்கும் என்று காட்டும் இடத்திலே, மற்றொன்று வெடிப்பு மேற்பரப்பையே எட்டிவிடும் என்று காட்டும். கோர்டோ, ஏவன் நீர்த்தேக்கங்களை அடுத்துள்ள டென்ட்ரோபியம் சுரங்கத்தைப்பற்றி 2017இல் வெளியான ஓர் ஆய்வு, சில அகலமான பாளங்களின்மேல் வெடிப்புகள் மேற்பரப்பு வரை எழுந்திருக்கின்றன என்ற முடிவைக் கூறிற்று. அதன்பின் நீர்க்காப்பைப்பற்றிய விவாதம் புதிய வேகங் கொண்டது.

சுரங்கத்திலிருந்து இறைக்கப்படும் நீரும் பேசவல்லது. எந்தச் சுரங்கத்திலும் ஓரளவு நீர் ஊறும். அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பாறையிலே அடைபட்டிருந்த பழைய நீரா, அல்லது அண்மையிற் பெய்த மழை நீரா என்பதே வினா. இதற்குத் திரிற்றியம் என்னும் பொருள் துணைசெய்கிறது. அது ஐதரசனின் கனமான வகை, கதிரியக்கம் உள்ளது, ஏறத்தாழ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகத் தேய்வது. வளிமண்டலத்தில் இயற்கையாகவே சிறிதளவு உண்டாகிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடைபெற்ற அணுகுண்டுச் சோதனைகள் அதனைப் பன்மடங்காக்கின. மழைநீரில் அது கலந்திருக்கும். பாறைக்குள் நெடுங்காலம் கிடந்த நீரிலோ தேய்ந்து மறைந்திருக்கும். ஆகவே, சுரங்க நீரிலே திரிற்றியம் காணப்பட்டால், மேலிருந்து புதிய நீர் எங்கோ ஒரு வழியால் வந்து சேர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். மழை பெய்து சில நாட்களிற் சுரங்கத்தின் ஊறல் அதிகரிக்கிறதா என்று பார்ப்பதும் இவ்வகைச் சாட்சியே.

ஓடையையும் பாறையையும் தவிர, மூன்றாவதாக ஒன்றையும் அளக்கவேண்டியிருக்கிறது. அம்மேட்டுநிலத்தின் தலைப்பகுதிகளில் ஆங்காங்கே சதுப்புகள் உள்ளன. மணலும் மக்கிய தாவரமும் சேர்ந்த அச்சதுப்புகள் கடற்பஞ்சுபோல மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை இல்லாத நாட்களிற் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகின்றன. வறண்ட காலத்திலும் அவ்வோடைகள் ஓடுவதற்கு அவை பெருந்துணை. சதுப்பின் அடியிலுள்ள பாறை பிளந்தால், பஞ்சில் உள்ள நீர் கீழே வடிந்துவிடும். பின்னர் சதுப்பு காயும். காய்ந்த மக்கு காட்டுத்தீக்கு இரையாகும். வெள்ளம் வந்தால் அரித்துச் செல்லப்படும். இச்சதுப்புகளை அழியும் நிலையிலுள்ள இயற்கைச் சமுதாயமாக அவுஸ்திரேலிய மத்திய அரசு 2014ஆம் ஆண்டிற் பிரகடனஞ் செய்தது. சதுப்புகளுக்குள் ஆழமற்ற குழாய்கள் இட்டு நீர்மட்டம் அளக்கப்படுகிறது. சுரங்கத்துக்கு முன் மழையின்பின் ஏறி, வாரக்கணக்கில் மெல்ல இறங்கிய மட்டம், பாளம் கடந்து சென்றபின் சில நாட்களுக்குள் விழுந்துவிடுவதைப் பல குழாய்களின் பதிவுகள் காட்டியிருக்கின்றன.

இந்த அறிவெல்லாம் ஒருநாளில் வந்ததன்று. நீர்த்தேக்கங்களின் அடியிற் சுரங்கம் வெட்டலாமா என்று ஆராய்ந்த நீதிபதி றேனல்ட்ஸ் அவர்களின் விசாரணை 1977இல் அறிக்கை சமர்ப்பித்தது. அக்காலத்தில் எல்லோரும் அஞ்சியது நீர்த்தேக்கத்தின் நீர் சடுதியாகச் சுரங்கத்துட் பாயுமோ என்பதே. ஓடைகளும் சதுப்புகளும் மெல்ல மெல்ல நீரிழப்பதைப்பற்றிய கவலை பின்னரே எழுந்தது. வராட்டா ஓடையின் வெடிப்புகளைத் தொடர்ந்து நியூ சவுத் வேல்ஸ் அரசு 2006ஆம் ஆண்டின் இறுதியில் தென் நிலக்கரிப் பிரதேசத்தைப்பற்றி ஒரு விசாரணைக்குழுவை நியமித்தது. 2008இல் வெளியான அதன் அறிக்கை, முக்கியமான ஓடைகளையும் சதுப்புகளையும் பொறுத்தவரை, சுரங்க வேலைக்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டுகளின் அளவைகள் வேண்டும் என்று விதந்துரைத்தது. அத்துடன், குறிப்பிடத்தக்க ஓடைகளுக்கு இருபுறமும் சிறப்பாகக் கவனிக்கப்படவேண்டிய வலயங்கள் வகுக்கப்படவேண்டும் என்றும் கூறிற்று. பின்னர் பேராசிரியர் ஜிம் கல்வினின் தலைமையில் நியமிக்கப்பட்ட சுதந்திர வல்லுநர் குழு, 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. நீர்ப்பிடிப்புப் பிரதேசத்திலே சுரங்கங்களால் நேரும் இழப்புகளைத் தனித்தனியே அல்லாமல் ஒன்றுகூட்டிப் பார்க்கவேண்டும் என்பதும், வெடிப்பின் உயரம் அளந்து உறுதிசெய்யப்படும்வரை எச்சரிக்கையான பக்கமே நிற்கவேண்டும் என்பதும் அக்குழுவின் சிந்தனையில் முக்கிய இடம் பெற்றன.

அளவைகளின் பயன் 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிப்படையாகத் தெரிந்தது. டென்ட்ரோபியம் சுரங்கத்தைப் புதிய பகுதிகளுக்கு விரிவாக்கும் திட்டம் சுதந்திரத் திட்டமிடல் ஆணைக்குழுவின் முன் வந்தது. உருக்காலையின் தேவையும் தொழிலாளரின் வாழ்வும் ஒரு தட்டில் வைக்கப்பட்டன. மற்றைத் தட்டில் வைக்கப்பட்டவை, ஏற்கெனவே வெட்டப்பட்ட பாளங்களின்மேல் இருந்த ஓடைகளினதும் சதுப்புகளினதும் பதிவுகள். நீருக்கும் சுற்றாடலுக்கும் நேரக்கூடிய கேடு பெரிதெனக் கண்டு ஆணைக்குழு திட்டத்தை மறுத்தது. உரிமையாளர் 2022ஆம் ஆண்டில் விரிவாக்க முயற்சியையே கைவிட்டனர். எனினும் அப்பிரதேசத்திலே சுரங்கத் தொழில் அதனோடு நின்றுவிடவில்லை. ஏற்கெனவே அநுமதி பெற்ற பகுதிகளில் வேலை தொடர்ந்தது. ஆகவே அளக்கும் வேலையும் தொடரவேண்டியதாயிற்று.

பிளந்த பாறையை மீண்டும் ஒட்டவைக்க முடியாதா என்று கேட்கத் தோன்றும். வராட்டா ஓடையில் அம்முயற்சி செய்யப்பட்டது. பாறையிலே துளைகள் இட்டு, விரிந்து இறுகும் ஒருவகைச் செயற்கைப் பிசினை அமுக்கத்துடன் செலுத்தி, தொட்டிகளின் கரையிலுள்ள வெடிப்புகளை அடைத்தார்கள். சில தொட்டிகள் மீண்டும் நீர் பிடித்தன. ஆனால், இது பொத்தலுக்குப் போடும் ஒட்டுப் போன்றது. மைல்கணக்கான படுகையின் அடியிலே வலைபோலப் பரந்த நுண்ணிய வெடிப்புகள் அனைத்தையும் அடைக்க ஒருவராலும் இயலாது. மணலும் மக்கும் நிறைந்த சதுப்பின் அடியில் இம்முறையைக் கையாளுவது இன்னும் கடினம்.

காலமும் ஒரு சிக்கலை உண்டாக்குகிறது. சுரங்கம் இயங்கும்வரை அதிலிருந்து நீர் இறைக்கப்படும். ஒருநாள் நிலக்கரி தீர்ந்து சுரங்கம் மூடப்படும்; இறைப்பும் நிற்கும். பின்னர் வெற்றிடம் மெல்ல மெல்ல நிறையத் தொடங்கும். அது நிறைவதற்குப் பல பத்தாண்டுகள் செல்லலாம். அதுவரை மேலுள்ள பாறை நீரைக் கீழே விட்டுக்கொண்டிருக்கும். நிறைந்தபின், இரும்பு கரைந்த நீர் தாழ்வான வாயில்கள் வழியே வெளியே வரக்கூடும். அப்பொழுது அச்சுரங்கத்தை நடத்தியவர்கள் இருப்பார்களா? அளவைக் கருவிகளைப் பேண யார் செலவு செய்வார்கள்? ஆகவே, அளக்கும் பொறுப்பு நிலக்கரி எடுக்கும் காலத்தோடு முடிவதன்று.

அளவைகளை யார் எடுப்பது என்பதும் எளிதான வினாவன்று. பெரும்பாலும் சுரங்கத்தாரே தம் செலவிற் கருவிகள் அமைத்து, அளந்து, அறிக்கை தருகின்றனர். தொழிலைச் செய்பவரே செலவையும் ஏற்கவேண்டும் என்பது நியாயந்தான். ஆனால், தராசு வைத்திருப்பவரே பொருளையும் விற்பாரானால், வாங்குபவர் நிறுவையை மீண்டும் பார்க்க விரும்புவது இயல்பு. அதனாலேயே நீர் வழங்கும் அரச நிறுவனமும் சுதந்திர வல்லுநர்களும் அந்த அறிக்கைகளைப் பரிசோதிக்கின்றனர். பதிவுகள் எவரும் பார்க்கத்தக்கவாறு வெளியிடப்படுதல் அதற்கு அடுத்த காவல்.

இவற்றிலிருந்து பெறப்படும் பாடம் சிக்கலானதன்று. நிலக்கரி வேண்டும் என்போரும் நீர் வேண்டும் என்போரும் நெடுங்காலம் வாதாடலாம். ஆனால், வாதம் தொடங்குவதற்கு முன்பே ஓடையின் பழைய இயல்பு ஏட்டிலே குறிக்கப்பட்டிருந்தாலன்றி, எவருடைய பக்கத்தில் உண்மை இருக்கிறது என்று தெரியாது. முன்னளவை என்பது பின்னர் எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாத பொருள். பாளம் ஒருமுறை கடந்து சென்றுவிட்டால், அதற்கு முந்திய ஓடையை அளப்பதற்கு மறுபடி ஒரு சந்தர்ப்பம் இல்லை. கற்றரக்ட் ஆற்றின் படுகையிலே நீர் மறைந்தபொழுது மக்கள் கேட்ட வினாக்களுக்கு விடை காண அத்தனை காலஞ் சென்றதும் இதனாலேயே.

கிணற்றடியிலே நீர் அள்ளுபவர் நேற்றைய கயிற்றின் நீளத்தை நினைவில் வைத்திருந்தார். அதனாலேயே இன்றைய குறைவை அவர் அறிந்தார். ஒரு நாட்டின் ஆறுகளுக்கும் அத்தகைய நினைவு வேண்டும். அந்த நினைவைத் தருபவை, காட்டின் நடுவே ஓடையின் குறுக்கே நிற்கும் சிறு தடுப்புகளும், பாறையின் ஆழத்தில் இருட்டிலே பதிந்து கிடக்கும் கருவிகளுமே. சிட்னியில் ஒருவர் குழாயைத் திறக்கும்பொழுது அவை அவர் நினைவுக்கு வருவதில்லை. எனினும், அக்குழாயில் நாளையும் நீர் வருமா என்பதைச் சொல்லக்கூடிய சாட்சிகளில் அவையும் அடங்கும்.